திரைக்குப் பின்னால் ஏழரை மாசம்

இலுப்பூரைத் தாண்டி நூல்சாமி வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, அந்தப் பக்கத்துச் சிசுக்களெல்லாம் வயிற்றுக்குள்ளேயே மூச்சுப் பழக ஆரம்பித்துவிட்டன. அப்படித்தான் பேச்சு. கர்ப்பிணி மேல் ஆண் கண் படக் கூடாதாம். அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, நூலின் ஒரு முனையை வயிற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுமுனை சாமியின் காதில். சிசுவின் மூச்சு கணீரென்று கேட்டுவிடும். செல்போனுக்கு டவர் ஒழுங்காகக் கிடைக்காத ஊரில், வயிற்றுக்கு மட்டும் நன்றாகவே கிடைத்தது.

அமராவதி தன் மருமகள் இலக்கியாவைத் தம்பி அய்யப்பனின் ஆட்டோவில் கூட்டி வந்திருந்தாள். முப்பத்தோரு வாரம். வரிசையில் நிற்கும்போதே இலக்கியாவுக்கு வலி எடுத்துவிட்டது. எதிரே இருந்த துணை சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் சுகுணா ஓடி வந்தார். தொட்டுப் பார்த்தார். உடனே 108-க்குப் பேசினார்.

“வண்டி வரப் பத்து நிமிஷமாகும். அதுக்குள்ள ஒரு ஊசி போட்டுர்றேன்மா. தாய்க்குப் போட்டா ரத்தத்தோட போயி புள்ள நுரையீரலத் தயார் பண்ணும். முந்திப் பொறந்தாலும் மூச்சுத் திணறல் கொறையும். மிச்ச ஊசியப் புதுக்கோட்டையில போடுவாங்க.”

“வேணாங்க நர்சம்மா. ஊசி போட்டா மூச்சு அடைச்சுக்கும்னு சாமி சொல்லியிருக்காரு. அடுத்து எங்க நம்பருதான். கேட்டுட்டு வாரோம்.”

“அத்தை, வலிக்குது,” என்றாள் இலக்கியா.

சுகுணா அய்யப்பனைப் பார்த்தார். “சரி, கேளுங்க. ஆனா திரைக்குப் பின்னால நான் சொல்ற ஆள் உக்காரட்டும். சாமிக்கு நெசமாவே கேக்குதுன்னா, ஆளு மாறினதும் தெரிஞ்சுரும்ல?”

அமராவதிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சாமி மேல் அவ்வளவு நம்பிக்கை. தன் கண்ணாடி வளையல்களை அவளே கழற்றி அய்யப்பனிடம் கொடுத்து, பின்வாசல் வழியாக அனுப்பினாள்.

சாமி, மாசக் கணக்கு எழுதியிருந்த முன்பதிவுச் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். நூலைக் காதில் வைத்தார். திரைக்குள் வளையல் குலுங்கியது.

“ஏழரை மாசம். ஆண் சிசு. மூச்சு எடப்பக்கமா சிக்கிக் கெடக்கு. மூணு வெள்ளிக்கிழமை வந்து நூல் கட்டிக்க தாயே. ஊசி கீசின்னு எவளாச்சும் வந்தா தொரத்திவிடு.”

“எடப்பக்கம் கெடக்குறது காலையில தின்ன புரோட்டா சாமி,” என்றது உள்ளேயிருந்து ஒரு கட்டைக் குரல்.

திரையை இழுத்து விலக்கியவள் அமராவதிதான். முறுக்கு மீசையும் தொந்தியுமாக, நூலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் அய்யப்பன்.

“தேதியையும் சொல்லிருங்க சாமி. ஆட்டோ ஸ்டாண்டுல லீவு சொல்லணும்.”

வரிசை சிரித்தது. அமராவதிக்குச் சிரிக்க நேரமில்லை. வெளியே ஓடினாள்.

“போடு ஆத்தா ஊசிய.”

சுகுணா போட்டார். வண்டியும் வந்தது. இலக்கியாவை ஏற்றினார்கள்.

அதற்குள் சாமி சுதாரித்துக்கொண்டார். ஆம்பளை தொட்டதால் நூலுக்குத் தோஷமாம். புது நூல் மாற்றினால் சரியாகிவிடுமாம். பாதிக் கூட்டம் தலையாட்டிக்கொண்டு மறுபடி வரிசை கட்டியது.

வண்டியில் கால் வைத்த அமராவதி திரும்பிப் பார்த்தாள்.

“எந் தம்பிக்குப் புள்ள பொறக்கும்னு நம்புறவுக அங்கிட்டே நில்லுங்க. சொந்தப் புத்தி கொஞ்சமாச்சும் மிச்சமிருக்கிறவுக, எதிர்த்த கட்டடத்துக்குப் போங்க.”