கடுகண்ணாவை எந்தப் பக்கம்?

ஒரு கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நம்மைப் பார்த்தால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, நாம் மகா கெட்டிக்காரன். மற்றது, நம் வேட்டி அவிழ்ந்துவிட்டது. எது என்று குனிந்து பார்த்த பிறகே சந்தோஷப்பட வேண்டும். கண்டியில் அன்றைக்கு நானும் குனிந்து பார்த்தேன். வேட்டி இருந்தது. (அதனால்தான் வந்தது வினை.)

முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். படிப்பு, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனதும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கிருந்த அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் நடக்கத் தொடங்கினேன். நாவலப்பிட்டியில் செங்கல் சுமந்தேன். கம்பளையில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன். பேராதனையில் ஒரு மாட்டு வண்டிக்குக் கீழே கொஞ்ச காலம் குடியிருந்தேன். வண்டிக்காரர் நல்லவர். மாட்டுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.

கடைசியில் பிலிமத்தலாவையில் காசிம் நானாவின் கடைக்கு வந்து சேர்ந்தேன். நானா மிளகும் கொக்கோவும் வாங்கி விற்பவர். அவருடைய கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெரிய மேசை கிடந்தது. பச்சைத் துணி விரித்து, ஓரங்களில் ஆறு குழிகள் வைத்த மேசை. கொக்கோ வாங்க வந்த ஓர் அமெரிக்கத் துரை, ஊருக்குத் திரும்பும்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுப்போனது. நானா முதலில் அதில் மிளகு காயவைத்துப் பார்த்தார். மிளகெல்லாம் உருண்டு குழிக்குள் போனதால் அந்த யோசனையை விட்டுவிட்டார்.

துரை விட்டுப்போன விளையாட்டுக்கு 'ஸ்ட்ரெயிட் பூல்' என்று பெயர். பதினைந்து பந்துகள், ஒரு வெள்ளைப் பந்து, ஒரு கோல். வெள்ளையை அடித்து, அது மற்றப் பந்தைத் தட்டி, குழிக்குள் தள்ள வேண்டும். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. எந்தப் பந்து எந்தக் குழியில் விழப்போகிறது என்று அடிப்பதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். வேறு குழியில் விழுந்தால் கணக்கில்லை.

துரை குழிகளுக்கு ஆங்கிலத்தில் ஏதோ சொல்வாராம். எங்களுக்கு, அதாவது எனக்கும் மூட்டை இறக்க வரும் வண்டிக்காரர்களுக்கும், அது நாக்கில் ஏறவில்லை. ஆகவே குழிகளுக்கு ஊர்ப் பெயர் வைத்தோம். கதவோரமாக இடமிருந்து வலமாக மாவனல்லை, பிலிமத்தலாவை, கண்டி. சுவரோரமாக அதே மாதிரி கடுகண்ணாவை, பேராதனை, மடவளை. கடை வாசலால் நுழைபவனுக்கு இடது கைப் பக்கம் கடுகண்ணாவை ஏற்றம், வலது கைப் பக்கம் கண்டியும் மடவளையும் என்பதால் பெயர்கள் அச்சாகப் பொருந்தின. "ஏழாம் நம்பர், மடவளை!" என்று கத்திவிட்டு அடிப்போம். கத்தாவிட்டால் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குக் கேட்காது.

இனி என் கை விஷயம். கிட்டங்கிக்கு ஜன்னல் கிடையாது. நண்பகலிலும் மண்ணெண்ணெய் லாம்பு வேண்டும். ஒருநாள் லாம்பை மேசை விளிம்பில் வைத்துத் துணியைக் கருக்கிவிட்டேன். நானா ஓடி வந்தார்.

"டேய் ராமையா! இனி மேசைல லாம்ப வெச்சியண்டா மேசையோட ஒன்னயும் சேத்துக் கொளுத்துவேன், வெளங்கிச்சா? வெளையாடுறண்டா கைல புடிச்சிக்கிட்டு வெளையாடு!"

அவர் கோபத்தில் சொன்னார். நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். இடது கையில் லாம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வலது கையால் மட்டும் கோலை விளிம்பில் சாய்த்து அடிக்கப் பழகினேன். இரண்டு கைகளால் செய்ய வேண்டியதை ஒரு கையால் செய்தால் பந்தும் பயந்துபோய்ச் சொன்ன இடத்துக்குப் போகும் போலிருக்கிறது. கொஞ்ச நாளில் என்னை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அதைவிட மோசம், லாம்பு இல்லாதபோதும் என் இடது கை தானாகவே மேலே போயிற்று. அதை இறக்கினால் எதிரே கிடக்கும் பந்தைக்கூட என்னால் தொட முடியாது.

இந்தத் திறமையை வைத்துக்கொண்டு செல்லம் என்ற பெண்ணைக் கட்ட நினைத்தேன். செல்லத்தின் அப்பா முத்துசாமி, கண்டியில் ஒரு பங்களாவில் கோக்கி. சமையல் அவர் கையில் இருந்ததால் அந்த வீட்டுத் துரையே அவருக்குப் பயப்படுவார் என்று பேச்சு. போய் நின்றேன்.

"எங்க தம்பி குடியிருக்க?"

"கிட்டங்கியில, மாமா. மொளகு மூட்டைக்குப் பக்கத்துல."

"எம் பொண்ணு என்ன மொளகா?"

இல்லை என்று அவசரமாகத் தலையாட்டிவிட்டு நின்றேன்.

"கூரையோட ஒரு ரூம்பு காட்டு. அப்புறமா மாமான்னு கூப்புடு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கண்டிக் கடைவீதியில் ஒரு பில்லியர்ட் சாலைக்கு மார்க்கர் தேவை என்று கேள்விப்பட்டேன். மார்க்கர் என்றால் மேசைப் பக்கத்தில் நின்று எந்தப் பந்து எந்தக் குழியில் விழுந்தது என்று பார்த்துச் சொல்பவன். சம்பளத்தோடு பின்பக்கத்தில் ஓர் அறை. அறைக்கு ஜன்னலும் உண்டாம்! (கேட்டதும் அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.)

காசிம் நானா தன் கல்யாணக் கோட்டைக் கொடுத்தனுப்பினார். முத்துசாமி மாமாவையும், வந்து பாருங்கள் என்று நானே வலியப் போய் அழைத்தேன். என் வாழ்க்கையில் நான் யாரையும் எதற்கும் அழைத்தது அதுதான் முதல் தடவை. பாழாய்ப்போன வாய்.

பில்லியர்ட் சாலையை நடத்தியவர் அம்பலவாணர் என்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொடியைக் கீழே வைத்தாலும் விறைப்பைக் கீழே வைக்கவில்லை.

"எவ்வளவு படிச்சனீர்?"

"ரெண்டாம் வகுப்புங்க ஐயா."

"ம். மேசையில பதினஞ்சு பந்தும் கிடக்கு. ஒவ்வொண்டையும் எந்தப் பொக்கற் எண்டு சொல்லிச் சொல்லிப் போடும். நான் இடையில வாய் திறக்கமாட்டன். முடிவிலதான் கதைப்பன்."

குழிகளுக்கு நாங்கள் ஊர்ப் பெயர்தான் சொல்வோம் என்று பணிவாகச் சொன்னேன். கதவோரம் மாவனல்லை, பிலிமத்தலாவை, கண்டி. சுவரோரம் கடுகண்ணாவை, பேராதனை, மடவளை என்று ஒப்பித்தேன். அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

"ஐசே, ஆயுள் முழுக்க இந்தப் பாதையில ரயில் அனுப்பினவன் நான். எனக்கோ நீர் கடுகண்ணாவை காட்டப் போறீர்? அடியும்."

சுற்றிலும் கிளார்க்குமாரும் கடைக்காரரும் பஸ்காரரும் கூடியிருந்தார்கள். மாமா பின்னால் ஒரு வாங்குப் பலகையில், வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே மின்சார விளக்கு பகலிலும் எரிந்தது. அப்படிப்பட்ட வெளிச்சத்துக்கு நடுவில், நான் என் இல்லாத லாம்பை இடது கையில் தூக்கிப் பிடித்தேன்.

"மூணாம் நம்பர், கடுகண்ணாவை!"

அடித்தேன். சுவரோரம் இடது மூலைக் குழிக்குள் பந்து சத்தமில்லாமல் விழுந்தது. அம்பலவாணரின் புருவம் மேலே போயிற்று. ஒரு கையால் அடிப்பவனைக் கண்டால் போகத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

"பத்தாம் நம்பர், மடவளை!"

வலது மூலை. விழுந்தது. ஒரு கிளார்க் களுக்கென்று சிரித்தார். அம்பலவாணர் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினார். கூட்டத்தின் வாய்கள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின. அப்போதுதான் குனிந்து வேட்டியைப் பார்த்தேன். சரி, இது புகழ்தான் என்று தீர்மானித்தேன்.

தீர்மானித்ததும் திமிர் ஏறியது. நடுக்குழிகள் லேசு, அவற்றில் குழந்தையும் போடும் என்று ஒதுக்கிவிட்டு, நான்கு மூலைகளுக்கு மட்டுமே அடித்தேன். மாவனல்லை! கண்டி! மறுபடி கடுகண்ணாவை! தெருமுனைவரை கேட்கிற மாதிரிக் கத்தினேன். பின்னால் மாமா இருமினார். கண்டி என்றேன், இருமினார். மாவனல்லை என்றேன், எழுந்து நின்று இருமினார். மகளைக் கொடுக்கப் போகிற மனுஷனுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது, பாவம் என்று உருகினேன்.

ஒரு பந்துகூடத் தப்பவில்லை. பதினைந்தும் போய், வெறும் பச்சைத் துணி கிடந்தது. கையை மேலே வைத்தபடியே அம்பலவாணரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"பதினஞ்சும் பிழை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "ஐயா, எல்லாம் சொன்ன குழியிலதானுங்க..."

"ஒண்டாவது கைதவறிச் சரியான இடத்தில விழுந்திருந்தால், பழக்கமில்லாத பெடியன் எண்டு விட்டிருப்பன். கடுகண்ணாவை எண்டு கத்திப்போட்டு மடவளைக்கு அனுப்புறீர். மடவளை எண்டு கையைத் தூக்கிக்கொண்டு கடுகண்ணாவைக்கு அனுப்புறீர். இவ்வளவு திருத்தமாப் பிழை விடுறதுக்கு எவ்வளவு திறமை வேணும்! இது தெரியாத்தனமில்லை, நக்கல். கிழவனைப் பகிடி பண்ண வந்தனீரோ? வெளியில போம்!"

அந்த ஜன்னல் வைத்த அறை கண் முன்னால் மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்ற கிளார்க் மெதுவாக, "தம்பி, இனிக் கையை எறக்கலாம்" என்றார்.

மாமா என் கோட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். நான் பேயறைந்தவன் மாதிரி பஸ் பிடிக்க நடந்தேன்.

"எங்கடா போற?"

"பிலிமத்தலாவைக்கு, மாமா." வாசலால் வெளியே வந்தால் வலது பக்கம்தானே?

"அடப்பாவி! அது மடவளைக்குப் போற ரோட்டு!"

நின்றேன். திரும்பிப் பார்த்தால், மாலை வெயில் வாசலால் வெளியே வருபவனுக்கு இடது பக்கத்திலிருந்து முகத்தில் அடித்தது. அதே நேரம் கடுகண்ணாவை பஸ் ஒன்று, என் கண்ணெதிரிலேயே அதே பக்கமாகப் போயிற்று. அப்போதுதான் மின்சாரம் தாக்கினாற்போல் விளங்கியது. நானாவின் கடை ரோட்டுக்கு ஒரு பக்கம். இந்தப் பில்லியர்ட் சாலை எதிர்ப் பக்கம். அங்கே வாசலால் நுழைந்தால் இடது பக்கம் கடுகண்ணாவை. இங்கே நுழைந்தால் இடது பக்கம் மடவளை! நான் வாசலைப் பார்த்துப் பெயர் சொன்னேன். ஸ்டேஷன் மாஸ்டர் பூமியில் ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நடுவிலேயே இருக்கும் அந்த லேசான நடுக்குழியில் ஒரே ஒரு பந்தைப் போட்டிருந்தால் அதுவாவது சரியாகியிருக்கும், மடையன்!

திரும்ப உள்ளே ஓடிப்போய் மூச்சு வாங்கச் சொன்னேன். அம்பலவாணர் வாசலுக்கு வந்து சூரியனைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். இந்தத் தடவை அவருடைய வாய்தான் பிளந்தது.

"நக்கல் எண்டு சொன்னதை நான் திருப்பி எடுக்கிறன்" என்றார் கடைசியில். "உம்மைப்போல அடிக்கிறவனை நான் கண்டதில்லை. ஆனால் யோசிச்சுப் பாரும். பந்து எங்க போச்சுதெண்டு சொல்லுறதுதான் மார்க்கரின்ர வேலை. கடுகண்ணாவை எந்தப் பக்கம் எண்டு தெரியாதவனை நான் எப்பிடி வைக்கிறது?"

நியாயம்தான்.

மாமா வாசல்படியில் நின்று தன் தீர்ப்பைச் சொன்னார்: "பந்தையே எங்க விட்டோம்னு தெரியல. எம் பொண்ணக் குடுத்தா அவளயும் எங்கயாவது விட்டுட்டு வந்துருவ."

அறையும் போய், பெண்ணும் போய், நானாவின் கோட்டோடு தெருவில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. கூட்டத்தில் நின்ற மடவளைக்காரர் ஒருவர். இரண்டு பஸ்களுக்கு முதலாளி.

"தம்பி, ஒங்கட கொரல் நல்லாரிக்கு. கடுகண்ணாவ, மாவனல்லண்டு கத்தினது ரோட்டுக்கே கேட்டிச்சு. எங்கட பஸ்ஸுக்கு ஒரு கண்டக்டர் தேவ. கராஜுக்குப் பொறத்தால ரூம்பும் ஈக்கி. வாறீங்களா?"

அடுத்த வாரமே போய் மாமா முன்னால் நின்றேன். அவர் குழம்புக் கரண்டியோடு வந்து யோசித்தார்.

"பஸ்ஸ ஓட்டறது யாரு?"

"டிரைவருங்க."

"நீ இல்லையே?"

"இல்லீங்க. நான் ஊர்ப் பேரு மட்டுந்தான் சொல்லுவேன்."

"ரூம்புக்குக் கூரை?"

"இருக்குங்க."

"அப்பச் சரி. மாமான்னே கூப்புடு."

பிறகு நான் கோலைத் தொட்டதே இல்லை. தொட வேண்டிய தேவையும் வரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் எப்படி நிற்பான் என்று பார்த்திருப்பீர்கள். இடது கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும். மற்ற வேலையெல்லாம் வலது கைக்குத்தான். வேலைக்கு வந்த முதல் நாளே, "பழக்கமோ?" என்று டிரைவர் கேட்டார்.

இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கதை அவர்களுக்கு மனப்பாடம். என் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று நான் தேடத் தொடங்கினால், செல்லம் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலேயே குரல் கொடுப்பாள்:

"தாத்தா அத கடுகண்ணாவையில வெச்சேன்னு சொல்லுவாரு. நீங்க மடவளையில போயிப் பாருங்க புள்ளைங்களா."

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நான் கைகாட்டும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் ஓடுவார்கள். கண்ணாடி அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது.