பழைய அளவுகள் வேண்டி மைத்துனருக்கு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நானும் தங்கள் தங்கையும் மகளும் நலம்; ஷெட்டில் நிற்கும், நாம் இருவரும் சேர்ந்து செய்த மரம் செதுக்கும் சி.என்.சி. மெஷின் மட்டும் நலமில்லை. தங்கள் இடுப்புவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேச எனக்கு முகமில்லை என்பதால் கடிதம். ஏழு மாதம் பேசாமல் இருந்துவிட்டு மெஷினுக்காக எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். முழுவதையும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம், மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேருக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "ஓடுற மெஷினை ஏங்க நோண்டுறீங்க? அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள் தங்கள் தங்கை. அந்த 'அண்ணன்' என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது. உங்க அண்ணன் இல்லாட்டி எனக்குக் கை ஓடாதா என்று அப்போதே உட்கார்ந்து ஏற்றினேன். நடுவில் அது, பழைய அமைப்புகளை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று மரியாதையாகத்தான் கேட்டது. பழையது எதற்கு, அழி என்றேன். மச்சான், நீங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அளந்து அளந்து பதிந்த எண்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பத்து மில்லிமீட்டர் நகரச் சொன்னால் நாற்பது ஓடியது. ஓரத்தில் போய் முட்டி, நறநறவென்று பல்லைக் கடித்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நானோ டேப்பை வைத்து அளந்து, எண்களை மாற்றி மாற்றி, நான்காம் நாள் பத்து என்றால் பத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்ற தெம்பில், மகளின் பல் கிளினிக்குக்குப் பெயர்ப்பலகை செதுக்க ஆரம்பித்தேன். மரம் எது என்று கேட்காதீர்கள். கேட்பீர்கள். அவள் படித்து முடித்தபோது "என் மருமகளுக்கு" என்று நீங்கள் வாங்கிவைத்த தேக்குப் பலகைதான். மரத்தூள் மூடிக் கிடந்ததில் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. ஊதிவிட்டுப் பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி இருக்கிறது. அளவைச் சரிசெய்தவன் திசையைப் பார்க்கவில்லை. மகள் ஒரு கைக்கண்ணாடியைப் பலகைக்கு எதிரே பிடித்து, "கண்ணாடியில சரியாத்தான்பா தெரியுது. பல் டாக்டர்கிட்ட கண்ணாடிக்கா பஞ்சம்?" என்று சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழுதுவிட்டாள். பலகைக்காக இல்லை. "மாமா இல்லாம நான் எப்படிப்பா திறக்கிறது?" என்றாள். திறப்பு வருகிற பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.

ஏழு மாதத்துக்கு முன்பு சொந்தக்காரர்கள் முன்னால், "மெஷினைச் செஞ்சது நான், இவர் சும்மா திருகு முடுக்கினவர்" என்றேனே, அது என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். வாசலுக்கு ஓடிவந்து கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. அதை நினைத்து வருந்தாத நாள் இல்லை. ஆகவே, பழைய அளவுகளை மறுபடி ஏற்றி மெஷினைச் சரிசெய்து தருவதற்காக மட்டுமாவது தாங்கள் ஒருமுறை வந்துபோகும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் கோபத்துக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட பாவி

பி.கு.: இதை உறையில் போடும்போது தங்கள் தங்கை ஒரு தாளை நீட்டினாள். உங்கள் கையெழுத்தில் அத்தனை எண்களும்! "மாப்பிள்ளை என்னைக்காவது எதையாவது நோண்டுவாரு, பத்திரமா வச்சுக்கோன்னு அண்ணன் அப்பவே கொடுத்தாரு" என்றாள். முதல் நாளே தருவதற்கென்ன என்று கத்தினேன். "தந்திருந்தா இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீங்களா?" என்றாள். எண்களை ஏற்றினேன். மெஷின் முன்போலவே ஓடுகிறது. பலகையைப் புரட்டிப் பின்பக்கத்தில் செதுக்கினேன், எழுத்துகள் நேராக வந்துவிட்டன. ஆகவே மெஷினுக்காக நீங்கள் வர வேண்டியதில்லை. வேறு சாக்கும் என்னிடம் இல்லை. வியாழக்கிழமை வாங்க மச்சான்.