நின்றபடி ஓர் உடன்பாடு

கிழக்கு நாட்டு அமைச்சர் உட்கார மாட்டேன் என்றார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான்.

"நீங்கல்லாம் உட்காருங்க. நான் இப்படியே நிக்கிறேன்" என்று ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

இருக்கை ஏற்பாட்டு அதிகாரி கையிலிருந்த இருக்கை வரைபடத்தை மறுபடி விரித்துப் பார்த்தார். ஐந்து அண்டை நாடுகள் கூடிய மாநாடு. ஆற்றுநீரைப் பங்கிடும் உடன்பாடு இன்று கையெழுத்தானால்தான், பல வருடமாக அவர் ஏங்கிக் கிடந்த வெளிநாட்டு வேலை கிடைக்கும். வீட்டில் மனைவி கம்பளிக் கோட்டுகள்கூட வாங்கி வைத்துவிட்டாள்.

வெளியுறவுச் செயலாளர் அவரை ஓரமாக இழுத்துப் போனார். "ஏன்யா உட்கார மாட்டேங்கிறாரு?"

"கேட்டுப் பார்க்கட்டுமா சார்?"

"என் வேலைக்கு உலை வைக்காதே. கேட்டா பதில் சொல்வாரு. பதில் சொன்னா நாம ஒரு நிலைப்பாடு எடுக்கணும். நமக்கு அது தாங்குமா? நாமளா புரிஞ்சுக்கணும்யா."

தாமாகவே புரிந்துகொள்வதில் அந்த அமைச்சகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிழக்கு நாட்டு நாற்காலியைவிட மேற்கு நாட்டின் நாற்காலி, மாநாட்டை நடத்தும் தங்கள் அமைச்சருக்கு ஒரு சாண் பக்கமாக இருந்ததை அதிகாரி கண்டுபிடித்தார். நைசாகத் தள்ளிப் போட்டார்.

மேற்கு அமைச்சர் எழுந்துவிட்டார். "எங்களைத் தள்ளி வைக்கிறீங்களா?"

இப்போது இரண்டு பேர் நின்றார்கள். எல்லோருக்கும் உயரமான சாய்வு நாற்காலி போட்டால் வம்பில்லை என்று அதிகாரி அறை அறையாக ஓடினார். நான்குதான் கிடைத்தன. ஐந்தாவதாகச் சக்கரம் வைத்த ஒன்றைக் கொண்டுவந்து வடக்கு அமைச்சருக்குப் போட்டார். அவர் கையை ஆட்டிப் பேசப் பேச, நாற்காலி மெல்லப் பின்வாங்கிச் சுவரில் முட்டியது.

"எங்களை ஒதுக்குறதுக்கு இப்படி ஒரு வழியா?" அவரும் எழுந்தார்.

விருந்தாளிகளில் தான் மட்டும் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஏதாவது அர்த்தம் வந்துவிடுமோ என்று தீவு நாட்டு அமைச்சரும் பயந்து எழுந்தார்.

கோட்டுகள் பெட்டிக்குள்ளேயே மக்கப்போவது அதிகாரியின் கண்முன் தெரிந்தது. ஆனது ஆகட்டும் என்று துணிந்தார்.

"சார், நாற்காலியையே எடுத்துடலாம். ஒண்ணுமே இல்லன்னா யாருக்கு என்ன குறை?"

செயலாளர் முறைத்தார். பிறகு தலையாட்டினார்.

அதன்பின் நடந்ததை அதிகாரியாலேயே நம்ப முடியவில்லை. வழக்கமாக மைக்கைப் பிடித்தால் விடாதவர்கள், கால் கடுத்ததும் "சரி சரி, மேல போங்க" என்றார்கள். தலைமுறைக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த ஆற்றுநீர், சாப்பாட்டுக்கு முன்பே பங்காகிவிட்டது.

"சமத்துவத்துக்காக நாற்காலியைத் துறந்தோம். நின்று பேசுவதே இனி எங்கள் வெளியுறவுக் கொள்கை" என்று செயலாளர் நிருபர்களிடம் கூசாமல் சொன்னார். ஐந்து அமைச்சர்களும் கைதட்டினார்கள். இந்தப் புதிய முறையைப் பரப்ப, குளிர் மிகுந்த கிழக்குத் தலைநகரில் ஒரு நிரந்தர அலுவலகம் என்றும், அதற்கு நம் அதிகாரியே தலைவர் என்றும் அங்கேயே முடிவாயிற்று.

"கோட்டுகளை எடுத்து வெயில்ல போடும்மா" என்று மனைவியிடம் போனில் இரண்டு தடவை சொன்னார். இவ்வளவு சந்தோஷம் அவருக்குப் பழக்கமில்லை.

வாசலில் கார் கிளம்பும் நேரம், கிழக்கு அமைச்சரின் உதவியாளர் ஓடிவந்து அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய உபகாரம் சார், கேட்காமலே புரிஞ்சுக்கிட்டீங்க. ஐயாவுக்கு உட்கார்ற இடத்துல ஒரு கட்டி, வெளியில சொல்ல வெட்கப்பட்டாரு. ரெண்டு நாள்ல ஆறிடுமாம், அடுத்த மாநாட்டுக்கு மறக்காம நாற்காலி போட்டுடுங்க."