ஏழு பாகைச் சாய்வு

உலகத்தைத் திருத்தப் புறப்பட்டவர்களின் வரலாறு நூலகம் நூலகமாக நிறைந்து கிடக்கிறது. உலகத்தில் ஒரு தூசியைக்கூடத் திருத்தாமல், அதை அப்படியே எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, சாப்பாட்டு மேசைமேல் வைத்த மகானைப் பற்றி மட்டும் எவரும் எழுதவில்லை. அந்தக் குறையை இன்று நான் போக்குகிறேன். அவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் ரயில்வே பணிமனையில் பெட்டிப் பராமரிப்பு மேற்பார்வையாளர். பயணிகள் பெட்டியில் எது உடைந்தாலும் அவர் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் பார்த்தார். அவர் பார்த்ததைப் போல அந்தப் பதவியில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் அதே அலுவலகத்தில் தட்டச்சர். பார்த்ததை அடித்துக் கொடுப்பது என் வேலை.

ஓய்வு நேரத்தில் அத்தான் ‘சிற்றுரு ரயில் மெய்ம்மைக் கழக’த்தின் செயலாளர். அசல் ரயிலைப் பார்த்துப் பொம்மை ரயில் செய்யும் ஒன்பது பேர்தான் மொத்த உறுப்பினர்கள். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். தலைவர் ஒரு பல் மருத்துவர். பெட்டிகளின் அடிப்பாகத்தைச் சோதிக்க வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கும் தம் தொழிற்கண்ணாடியையே அவர் கொண்டுவருவார். ஒருமுறை, ஜன்னல் விளிம்பில் படியும் தூசி பழுப்பா சாம்பலா என்று இரண்டரை மணி நேரம் விவாதம் நடந்தது. சாம்பல் வென்றது. பழுப்புக் கட்சிக்காரர் வெளிநடப்புச் செய்து, கீழே போய்ச் சட்டையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

கழகத்தின் ஏழாவது விதிதான் அதன் உயிர்நாடி: ‘மாதிரிப் பெட்டி, போட்டி நாளன்று ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அசல் பெட்டியை முற்றிலும் ஒத்திருக்க வேண்டும்.’ ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் அட்டை உண்டு. வேலை முடிந்ததும் அத்தான் அதில் பச்சை மையால் எழுதுவார்: ‘அசலோடு ஒப்பிடப்பட்டது. வேறுபாடு இல்லை.’ கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்காக அலுவலகக் கோப்புகள் மாதக்கணக்கில் ஏங்கும். அட்டைக்கு அன்றைக்கே கிடைத்துவிடும்.

இந்த ஆண்டுப் போட்டிக்கு அவர் எடுத்துக்கொண்டது, அக்கா தினமும் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் காலை ரயிலின் நான்காவது பெட்டி. கடையில் அந்த மாதிரி கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு சொகுசு உணவுப் பெட்டி. மேசை விளக்கு, திரைச்சீலை, சிவப்புத் தரைவிரிப்பு. அத்தான் திரைச்சீலையைக் கிழித்தார், விளக்கைப் பிடுங்கினார், விரிப்பைச் சுரண்டினார், நல்ல ஜன்னல் ஒன்றில் ஊசியால் விரிசல் கீறினார். ஒரு நல்ல பெட்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ரயில்வே நிர்வாகத்துக்கு முப்பது வருடம் பிடிக்கிறது. அத்தான் தனி ஆளாக மூன்றே வாரத்தில் முடித்தார்.

பிறகு பயணிகளை உட்கார வைத்தார். பொம்மை மனிதர்கள் இருக்கையில் சரியாகப் பொருந்துவதில்லை. கால் இடிக்கும். ஆகவே இந்தக் கலையில் எல்லோரும் செய்வதுபோல், முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலுக்கு மேலே எல்லாம் கம்பீரமாக இருக்கும்.

அக்கா தட்டு வைக்க இடம் தேடி, மேசையில் சிதறிக் கிடந்த கால்களை ஒதுக்கினாள்.

“எத்தனை பேருக்கு இன்னிக்கு?”

“அறுபத்து நாலு” என்றார் அத்தான், பூதக்கண்ணாடியைக் கழற்றாமல்.

“நான் ஆஸ்பத்திரியில ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு ரத்தம் எடுக்கறேன். அதுக்கே கையெழுத்து வாங்கணும். நீங்க பாட்டுக்கு வெட்டறீங்க.”

“நீ நிக்கற. உனக்கு வெட்டல.”

உண்மைதான். இரண்டாவது கதவருகே, பச்சைக் கைப்பையோடு, முழுக்காலோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். உயரம் ஒரு சென்டிமீட்டர் எட்டு மில்லிமீட்டர். இதைவிடப் பெரிய அன்பை என் அக்கா அந்த வீட்டில் கண்டதில்லை.

அன்றைக்குத்தான் அவள் அதைச் சொன்னாள். “ஏங்க, அந்த ரெண்டாவது கதவுப் படி ஆடுதுங்க. கால் வச்சா ஒரு பக்கம் சாயுது. என்னிக்காவது யாராவது விழப் போறாங்க.”

அத்தானின் கையிலிருந்த இடுக்கி நின்றது. கண்கள் பனித்தன.

“எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கம்னா?”

“சாயறது. இடது பக்கமா, வலது பக்கமா?”

“விழறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க.”

“எனக்கு ஒண்ணு இல்ல.”

“முதல் கதவுல ஏறலாம்னா அது திறக்கவே மாட்டேங்குது.”

“தெரியும்” என்றார் அத்தான் பெருமையாக. “பொம்மையிலயும் அதை ஒட்டியாச்சு.”

மறுநாள், காலை ஓட்டம் முடித்துப் பெட்டி பணிமனைக்கு வந்ததும், அந்த அசல் படியின் கீழே அத்தான் மல்லாந்து படுத்திருந்தார். பதினெட்டு வருட சேவையில் அவர் ஒரு பெட்டிக்கு அடியில் போனது அதுவே முதல் தடவை என்று பழுது பார்க்கும் ஃபிட்டர் என்னிடம் சொன்னார். மூன்று போல்ட்டுகளில் இரண்டு இல்லை. மூன்றாவது தளர்ந்திருந்தது. பாகைமானி வைத்துப் பார்த்தார். சாய்வு சரியாக ஏழு பாகை, இடப்பக்கம்.

ஃபிட்டர் ஏற்கனவே இரண்டு புது போல்ட்டும் ஸ்பானரும் கையில் வைத்திருந்தார்.

“சார், கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா பத்து நிமிஷத்துல மாட்டிருவேன்.”

“எதுக்கு?”

“ஆடுதே சார்.”

“ஆடட்டும். போட்டி முடியற வரைக்கும் தொடாத.”

“என்ன போட்டி சார்?”

அத்தான் எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டு, ஏழாவது விதியை அவருக்குப் பொறுமையாக விளக்கினார். ஃபிட்டர் கேட்டுவிட்டுக் கையிலிருந்த போல்ட்டைத் தூக்கிக் காட்டினார்.

“அப்ப பொம்மையில போல்ட்டை மாட்டிட்டா, இதுலயும் மாட்டலாமா சார்?”

“அது நேர்மையில்ல” என்றார் அத்தான்.

ஃபிட்டர் வாரம் ஒருமுறை வேலை அனுமதி கேட்டுத் தாள் எழுதித் தந்தார். வாரம் ஒருமுறை அத்தான் அதன் ஓரத்தில் ‘கண்காணிப்பில் உள்ளது’ என்று எழுதினார். நான் அந்த ஓரக் குறிப்பை மட்டும் கோப்பில் அடித்துச் சேர்த்தேன். அடிப்பவன் அர்த்தத்துக்குப் பொறுப்பல்ல என்பது அலுவலகத்தில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். நான் நல்ல மாணவன்.

‘கண்காணிப்பு’ என்ற சொல்லில் பொய் எள்ளளவும் கிடையாது. ஒவ்வொரு திங்களும் அத்தான் படியைப் படமெடுத்தார். துரு எந்தப் பக்கம் பரவுகிறது என்று குறித்தார். மாதிரியில் அந்த ஆறு மில்லிமீட்டர்ப் படியை, பழைய சார்ஜர் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையில் தொங்கவிட்டார். ஊதினால் ஆடும். அசல்போலவே ஏழு பாகை. அக்கா ஒருநாள் தும்மிவிட, படி ஒன்பது பாகைக்குப் போய்விட்டது. அன்றிரவு அத்தான் சாப்பிடவில்லை.

போட்டியன்று பல் மருத்துவர் அசல் பெட்டியையும் மாதிரியையும் மாறி மாறிப் பார்த்தார். தொழிற்கண்ணாடியைப் படிக்குக் கீழே நீட்டினார். பழக்க தோஷத்தில், “வலிக்குதா?” என்று கேட்டார். முதல் பரிசு அறிவித்தார். பாராட்டுரையை அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். அது இது:

‘நான்காம் பெட்டியின் இரண்டாம் கதவுப் படியில் மூன்று போல்ட்டுகளில் இரண்டு இல்லாததையும், எஞ்சிய ஒன்று தளர்ந்திருப்பதையும், படி ஏழு பாகை சாய்ந்திருப்பதையும் ஒன்பது வாரங்கள் இடைவிடாது கண்டும், அளந்தும், படமெடுத்தும், அதில் எள்ளளவும் மாற்றம் நேராமல் காத்தவர் இவர். இவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை.’

கீழே ‘விவரங்கள் உண்மை’ என்று அத்தான் கையெழுத்திட்டார். பாராட்டுரை கண்ணாடிப் பேழைக்குள், பெட்டியின் பின்னால் வைக்கப்பட்டது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டாள் அக்கா. “இனிமே போல்ட் போடலாம் இல்ல?”

“இறுதிச் சுற்று இருக்கு” என்றார் அத்தான். “இன்னும் ஒரு மாசம்.”

படி அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை எட்டு பன்னிரண்டுக்கு அது கழன்று விழுந்தது. அதன்மேல் அக்கா இருந்தாள். இடது கணுக்காலில் இரண்டு முறிவு.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். நான் போனபோது அத்தான் கட்டிலின் கால்மாட்டில் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார். துடித்துப் போயிருக்கிறார் பாவம் என்று நினைத்தேன்.

“இந்த மாவுக்கட்டு என்ன வெள்ளை?” என்றார் என்னிடம் மெதுவாக. “சுத்த வெள்ளையா, கொஞ்சம் மஞ்சள் கலந்ததா?”

அக்கா கண்ணைத் திறந்தாள்.

“அத்தனை பேருக்கும் வெட்டினீங்க. எனக்கு மட்டும் உடைச்சீங்க. பொண்டாட்டின்னு ஒரு பாசம்.”

“வலிக்குதா?”

“பல் டாக்டர் மாதிரியே கேக்கறீங்க. அந்தப் பொம்மைப் படி என்ன ஆச்சு?”

“காலையிலேயே கழட்டிட்டேன். அசல்ல இல்லையே. ஒரு தீப்பெட்டில பத்திரமா வச்சிருக்கேன். தேதி, நேரம் எல்லாம் எழுதி.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன்.

விசாரணை அதிகாரி ஒருவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தார். அவர் கோப்பைப் படித்தார். ‘கண்காணிப்பில் உள்ளது’ என்று பதினொரு இடத்தில் இருந்தது. மேற்பார்வையாளர் கண்காணித்திருக்கிறார், ஆகவே கடமை தவறவில்லை. ஃபிட்டர் போல்ட் மாட்டியதாக ஓரிடத்திலும் இல்லை, ஆகவே தவறிவிட்டார். நிர்வாகத் தர்க்கத்தில் இதைவிடத் தூய்மையான பகுதி கிடையாது. ஃபிட்டரைப் பணி இடைநீக்கம் செய்தார்கள். அந்த ஆணையையும் நான்தான் அடித்தேன்.

ஃபிட்டர் தாளை வாங்கிக்கொண்டு அத்தானைப் பார்த்தார். அத்தான் கூரையில் ஓட்டை ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“நீங்க சொன்னாதானே சார் தெரியும்” என்றார் ஃபிட்டர்.

“என்னை யாரும் கேக்கலையே” என்றார் அத்தான். “கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். அது என் கொள்கை.”

அன்று சாயந்திரம் நான் அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. “அந்தப் பேழையையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கிட்டு நாளைக்கு வண்டி கொண்டா” என்றாள். “அப்படியே பீரோவுல ஒரு ஆல்பம் இருக்கும். என் கல்யாண ஆல்பம் இல்ல. பெருசா இருக்கும் பாரு, அது.”

மறுநாள் அவள் இரண்டு ஊன்றுகோலில் விசாரணை அறைக்குள் வந்தாள். பின்னால் நான், கையில் கண்ணாடிப் பேழை, அதன்மேல் ஆல்பமும் தீப்பெட்டியும். அத்தானின் முகம் வெளிறியது.

“ஆட்டாம வை” என்றார்.

“என்னம்மா இது?” என்றார் அதிகாரி.

“நான் விழுந்த பெட்டிங்க. ரெண்டாவது கதவைப் பாருங்க.”

“படி இல்லையே.”

“இந்தத் தீப்பெட்டில இருக்கு. எப்ப விழுந்ததுன்னு மேல எழுதியிருக்கும். பதினொரு வாரம் அது எப்படித் தொங்குச்சுன்னு ஆல்பத்துல இருக்கு. ஃபிட்டர்தான் தவறிட்டார்னு சொன்னீங்களாமே. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச அளவுக்கு அந்தப் படிக்கே தெரியாதுங்க.”

அதிகாரி ஆல்பத்தைப் புரட்டினார். பேழையைத் திறந்து பாராட்டுரையை எடுத்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு அத்தானை முதன்முறையாகக் கேட்டார்.

“இதெல்லாம் உண்மையா?”

அத்தான் நிமிர்ந்து நின்றார். “ஒவ்வொரு மில்லிமீட்டரும் உண்மை சார்.”

“ஃபிட்டர் போல்ட் கொண்டு வந்தாரா?”

“ரெண்டு கொண்டு வந்தார். அரை அங்குலம். நான்தான் வேண்டாம்னேன்.”

உள்ளதை உள்ளபடி சொன்னார். கொள்கை என்றால் இதுவல்லவா கொள்கை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபிட்டரின் இடைநீக்கத்தை ரத்து செய்யச் சொன்னார். மறுபடி வேலைக்கு வந்த ஃபிட்டர் புதுப் படியை மூன்று போல்ட்டோடு மாட்டினார். பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தார். ஏழு நிமிடம்தான் ஆயிற்று. அதன் விளைவாக, அசலோடு பொருந்தவில்லை என்ற காரணத்தால், அத்தானின் பெட்டி இறுதிச் சுற்றிலிருந்து நீக்கப்பட்டது. இந்த அநீதியை எதிர்த்துக் கழகம் ஒரு நிமிட மௌனம் அனுசரித்தது.

அத்தானுக்குக் குற்றப்பத்திரிகை தயாரிக்க வேண்டியிருந்தது. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி, ஆதாரத்தோடு, குற்றம் சாட்டப்பட்டவரே மறுக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. அதிகாரி மூன்று முறை சொல்லத் தொடங்கி மூன்று முறையும் நிறுத்தினார்.

“சார்,” என்றேன் பணிவாக, “ஏற்கனவே அடிச்சது ஒண்ணு இருக்கு.”

‘பாராட்டுரை’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு ‘குற்றச்சாட்டு’ என்று போட்டேன். ஒன்பது வாரம் என்பதைப் பதினொன்று ஆக்கினேன். மற்றபடி ஒரு சொல்லைத் தொடவில்லை. தாளைப் பார்த்த அக்கா, “நீ கண்காணிப்புன்னு பதினொரு தடவை அடிச்சியே, அது எந்தப் பத்தியில வருது?” என்று அதிகாரி முன்னாலேயே கேட்டாள். எனக்குத் தனியாக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதையும் நானே அடித்தேன்.

குற்றப்பத்திரிகையைக் கொடுக்கப் போனபோது அத்தான் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் காலில்லாத அறுபத்து நான்கு பேர். தாளை வாங்கி விளக்கருகே பிடித்தார். பேழையிலிருந்து பாராட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் வரி வரியாகப் பார்த்தார். பாவம், எதையாவது மறுத்து எழுதுவார் என்று நான் காத்திருந்தேன்.

அத்தான் பச்சைப் பேனாவைத் திறந்தார். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துக்கு மேலே, கை பழகிய வேகத்தில், எழுதினார்:

‘அசலோடு ஒப்பிடப்பட்டது. வேறுபாடு இல்லை.’