சுத்த சைவமும் பன்றிப் புழுவும்

பினாங்கு மாநிலத்திலேயே பன்றிக்கு அதிகம் பயந்த மனிதர், அதில் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. எங்கள் கப்பல் சரக்கு அலுவலகத்தில் அவருக்குச் 'சுத்த சைவம்' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.

சாப்பாட்டு மேசையின் நடுவே டிஷ்யூ பேப்பரை அடுக்கி எல்லை போடுவார். எல்லைக்கு அந்தப் பக்கம் எங்களோடு வேலை பார்க்கும் முனியாண்டி, பன்றி வறுவலோடு.

"டேய், அதுல புழு இருக்கும்லா. மூளைக்குப் போயிரும்!"

"எங்கம்மா நல்லா வேகவச்சுதான் குடுக்குது அண்ணே."

இவரோ பசார் சந்தையில் வாங்கிய, பச்சையாகவே தின்னும் உலாம் கீரையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஆடு மாதிரி மெல்லுவார். கழுவச் சொன்னால், "கழுவுனா சத்து போயிரும்லா" என்பார்.

ஒருநாள் அந்தப் புழுப் பிரசங்கத்தின் நடுவிலேயே வலிப்பு வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் பன்றிப் புழுவின் கட்டி!

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "பன்னி தின்னாதான் இது வரணும்னு இல்ல அங்கிள். வேகாத கறி தின்ன யாரோ ஒருத்தர் வயித்துல புழு இருந்திருக்கு. அவங்க டாய்லெட் போயிட்டு கை கழுவாம தொட்டது வழியா முட்டை உங்க வாய்க்குள்ள போயிருக்கு. கீரையா இருக்கலாம்."

சுத்த சைவம் மருந்தைத் தொடவில்லை. "இத முழுங்குனா பன்னி தின்னேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். எங்க பாகான் டாலாம் கோயில்ல எப்படிலா தலை காட்டுறது?"

இன்னொரு வலிப்பு உயிரையே கொண்டுபோகலாம் என்றார் டாக்டரம்மா. மனைவி அழுதார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பூசைக்குக் கூட்டம் சேர்ந்திருந்தபோது முனியாண்டி அந்தக் கோயிலுக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

"எனக்குத்தான் வயித்துல புழு. கை கழுவாம அண்ணன் கீரையத் தொட்டுட்டேன். அவரு பன்னி ஒண்ணும் திங்கல" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னான். அவனுக்குப் புழுவே இல்லை என்று முந்தின நாள்தான், அவரோடு சாப்பிடும் எங்கள் எல்லாருக்கும் செய்த பரிசோதனையில் தெரிந்திருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் முகம் சுளித்து நகர்ந்தார்கள்.

செய்தி ஆஸ்பத்திரிக்கு எட்டியது. மாத்திரையைக் கையில் எடுத்த சுத்த சைவம், "தண்ணி குடும்மா" என்று மனைவியிடம் கை நீட்டினார்.

வேலைக்குத் திரும்பிய அன்று மேசையில் டிஷ்யூ எல்லை இல்லை. நேராக முனியாண்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு தினமும், "கை கழுவுனியா? கறி வெந்துச்சா?" என்று எங்கள் எல்லாரின் உயிரையும் வாங்கினார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் இன்றும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன். "கை கழுவுனியா?" என்று கேட்க ஆளில்லாததால் சாப்பாடு பாதிதான் இறங்குகிறது.