நூறு கெஜத்தில் இரண்டாவது

பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறைக்குத் தலைவராக இருப்பவர் ஓட வேண்டியதில்லை. பிறரை ஓடவிட்டு, கையில் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு, வெயில் படாத இடமாகப் பார்த்து நிற்கத் தெரிந்தால் போதும். நான் அந்தப் பதவியில் பல வருஷம் நின்றேன். நின்றேன் என்பதற்கு என் தொந்தியே சாட்சி. ஆனால் அந்த நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தது மட்டும் ஓடித்தான். என் ஆயுளில் மனப்பூர்வமாக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது அந்த ஒரு தடவைதான். யுத்த காலத்தில், தருமபுரியில், ஒரு தை மாதப் பிற்பகலில் அது நடந்தது.

நான் மாயவரத்துக்காரன். சென்னையில் உடற்பயிற்சிப் படிப்பு முடித்துவிட்டு, தருமபுரியில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு டிரில் மாஸ்டராக வந்து சேர்ந்திருந்தேன். வெள்ளைப் பேண்ட், கழுத்தில் விசில், மீசையில் லேசாக வாசலின். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அந்தப் பக்கத்தில் விளையாட்டு என்ற ஒன்றே இருந்ததில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். (இறங்கின பிறகு வந்ததா என்று என் மாணவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். கேட்காதீர்கள்.)

இப்படி இருக்கையில், ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் உதவித் தலைவர் பதவி காலியாயிற்று. துறையின் தலைவர் ஞானமுத்து என்பவர். ஆளைக் காகிதத்தில் பார்த்து எடுக்க மாட்டேன், மைதானத்தில் பார்த்துத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். விண்ணப்பம் போட்டிருந்த என்னைப் பார்க்க எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கே தலைமை தாங்க வருவதாக ஹெட்மாஸ்டருக்குச் செய்தி வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினால் சென்னை, பச்சைப் புல், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம். பக்கவாட்டில் ஆட்டினால் புழுதியில் காலமெல்லாம் 'ஸ்டாண்ட் அட் ஈஸ்'.

ஞானமுத்துவைப் பற்றி இரண்டு விஷயங்கள் விசாரித்து வைத்திருந்தேன். விதி என்றால் அவருக்கு உயிர். விதிப்புத்தகம் எப்போதும் கோட்டுப் பையில் இருக்கும். இரண்டாவது, பொதுமக்கள் கலந்துகொள்ளாத விளையாட்டு விழாவை அவர் விழாவாகவே மதிப்பதில்லை. சரி, பொதுமக்கள்தானே வேண்டும் என்று விழாவின் கடைசி அயிட்டமாக 'பொதுமக்கள் நூறு கெஜ ஓட்டம்' என்று ஒன்றைச் சேர்த்தேன். பரிசு வெள்ளிக் கோப்பை. இண்டூர்ச் சந்தையில் தண்டோரா போடவும் ஏற்பாடு செய்தேன். "வேகமாக ஓடி முதலில் கயிற்றைத் தொட்டால் கோப்பை" என்ற வாசகம் அடியேன் இயற்றியது.

கூட்டம் ஓடுபாதைக்குள் புகுந்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் நெடுக மூங்கில் நட்டு அடைப்புக் கட்டினேன். தரையில் சுண்ணாம்புக் கோடு. முனையில் மாவிலைத் தோரணம். ஓட்டத்தைத் துவக்கத் துப்பாக்கி இருந்தது. யுத்தத்தால் தோட்டா கிடைக்கவில்லை. அதற்கென்ன, கோயில் திருவிழாவுக்கு அதிர்வேட்டுப் போடுகிறவரை அழைத்து, நான் கைக்குட்டையை ஆட்டினால் திரியில் நெருப்பு வைக்கச் சொல்லிவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட நாட்கள் அவை.

உள்ளூர்க்காரரான டிராயிங் மாஸ்டர் வந்து அடைப்பை ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூங்கிலை அசைத்துக்கூடப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க சார். இதெல்லாம் உங்க மாயவரத்துலயும் உண்டுங்களா?"

"எங்கள் ஊரில் இதைவிடப் பெரிதாக நடக்கும்" என்றேன்.

அப்படியா, கேள்விப்பட்டதே இல்லையே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே போனார். பாவம், உலகம் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா நாளும் வந்தது. ஞானமுத்து மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியை எரித்து ஓடிய கரிவாயு பஸ்ஸில் ஏறி, வெள்ளைக் கோட்டில் கரிப்பொட்டுகளோடு வந்து சேர்ந்தார். நெட்டையான மனிதர். சிரிப்பு என்பதை ஊரிலேயே வைத்துவிட்டு வந்தவர். மாணவர்களின் ஓட்டம், தாண்டல், குண்டெறிதல் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அவர் தலை எந்தப் பக்கமும் ஆடவில்லை. நான் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் கழுத்துதான் வலித்தது.

மத்தியானம் சாய்ந்ததும் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். இண்டூரிலிருந்து, சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து, சித்தேரி மலையிலிருந்துகூட நடந்து வந்திருந்தார்கள். மைதானம் கொள்ளவில்லை. பலபேர் காளைகளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். கழுத்தில் சலங்கை, நெற்றியில் குங்குமம், கொம்பில் வண்ணத் துணி. பொங்கல் முடிந்த சமயம், அலங்காரத்தைக் கலைக்க மனசில்லை போலிருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். ஓரமாகக் கட்டுங்கள் என்று சொன்னதற்கு, "வரிசப்படி நிக்கறமுங்க" என்று பணிவாகப் பதில் வந்தது. அப்படியே ஓடுபாதையின் துவக்க முனைக்குப் பின்னால், ஒன்றின் பின் ஒன்றாக, என் மாணவர்கள் ஒருநாளும் நிற்காத ஒழுங்கோடு நின்றார்கள்.

பொதுமக்கள் ஓட்டத்துக்கு அழைப்பு விடுத்தேன். ஒரு பொதுமகனும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எல்லாரும் என்னை அன்போடு பார்த்தார்கள். அத்தனை ஆயிரம் கண்கள் இருந்தும் கோட்டில் இரண்டு கால் இல்லை. மறுமுனையில் கயிற்றருகே ஸ்டாப்வாட்சோடு நின்ற ஞானமுத்து கோட்டுப் பையைத் தடவுவது தெரிந்தது. என் சென்னையும் புல்லும் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தன. ஓடிப்போய் தபாலாபீஸ் குமாஸ்தாவையும், ஒரு டீக்கடைக்காரரையும், டிராயிங் மாஸ்டரையும் கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்து கோட்டில் நிறுத்தினேன்.

டிராயிங் மாஸ்டர் முகம் வெளுத்திருந்தது. "சார், நாங்க எதுக்குங்க இங்க? அடைப்புக்கு அந்தப் பக்கம்தானுங்களே நிக்கணும்?" என்றார். பேசாமல் நில்லுங்கள் என்று அதட்டிவிட்டு, மூவரின் தோளையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். வரிசை நேரானதும், அங்கேயே கயிற்றுப் பக்கமாகத் திரும்பி நின்று கைக்குட்டையை ஆட்டினேன்.

வேட்டு வெடித்தது.

அந்தப் பக்கத்தில் தை மாதம் எருது விடுவார்கள். இரண்டு பக்கமும் அடைப்புக் கட்டி, தோரணம் கட்டி, வேட்டுச் சத்தம் கேட்டதும் காளையை அவிழ்த்துவிடுவார்கள். எது வேகமாக ஓடி எல்லையைத் தொடுகிறதோ அதற்குப் பரிசு. இது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான். தெரியாமலே ஒரு குறை இல்லாமல் அத்தனையும் செய்து வைத்திருந்தேன்.

பின்னால் சலங்கைச் சத்தம். தபாலாபீஸும் டீக்கடையும் டிராயிங்கும் கண்மூடித் திறப்பதற்குள் மூங்கிலைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டன. (அதைவிட அழகான உயரத் தாண்டலை நான் பிற்பாடு பல்கலைக்கழகத்தில்கூடப் பார்க்கவில்லை.) நான் திரும்பிப் பார்த்தேன். திரும்பியிருக்கக் கூடாது. இண்டூர் மாதையனின் மயிலைக் காளை, திமிலும் கொம்புமாக, நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டின்மீது வந்துகொண்டிருந்தது. தாண்ட நேரமில்லை; பிய்த்துக்கொண்டு புகலாம் என்றால், நான் கட்டியது உறுதியான அடைப்பு. அதனால் ஓடினேன்.

முழங்கையை எப்படி மடக்க வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும் என்று வகுப்பெடுத்தவன் நான். ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. அம்மா என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. வாயில் விசில் இருந்ததால் அதுவும் விசிலாகத்தான் வந்தது. ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். ஹெட்மாஸ்டர் பரிசு மேஜைக்கு அடியில் போய்விட்டார். ஞானமுத்து மட்டும் கயிற்றருகே ஸ்டாப்வாட்சோடு அசையாமல் நின்றார். கயிறு கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது மயிலை என்னைக் கடந்தது. முட்டவில்லை, உரசவில்லை, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மார்பால் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. அடுத்ததாக அந்த இடத்தில் நான் போய் விழுந்தேன்.

எழுந்து பார்த்தால், பேண்ட் முழங்காலில் கிழிந்து, மீசை முழுக்கப் புழுதி. என் வேலை போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழுகை வந்தது. அதற்குள் மாதையன் காளையைப் பிடித்துக்கொண்டு கோப்பைக்கு வந்துவிட்டார்.

இது மனிதர்களுக்கான ஓட்டம் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவருக்கு நம்ப முடியவில்லை.

"மனுசன் ஓடறதுக்கு எதுக்குங்க கோப்பை? போலீசு தொரத்துனா தன்னால ஓடறான். வேகமா ஓடி மொதல்ல கவுத்தத் தொட்டா கோப்பைன்னு தண்டோராவுல சொன்னது நீங்கதானுங்களே? எங்கூட்டு மயிலை தொட்டுதா இல்லீங்களா?"

நான் ஞானமுத்துவைப் பார்த்தேன். அவர் கோட்டுப் பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு முறை படித்தார்.

"மிஸ்டர் வைத்தியநாதன், மார்பு முதலில் கயிற்றைத் தொட வேண்டும் என்றுதான் விதி. எத்தனை கால் என்று இதில் ஒன்றும் இல்லை."

அப்புறம் மேடையேறி முடிவை அறிவித்தார். முதலாவது, இண்டூர் மயிலை. இரண்டாவது, பள்ளி டிரில் மாஸ்டர். மூன்றாவது பரிசு இல்லை, மற்றவர்கள் பாதையை விட்டு வெளியேறிவிட்டார்கள். மாதையன் கோப்பையைக் காளையின் கொம்பில் மாட்டி ஊர்வலமாகக் கூட்டிப்போனார். வரிசையில் நின்ற மற்றவர்கள் தங்கள் முறை எப்போது என்று கேட்டார்கள். ஞானமுத்து கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இருட்டும்வரை ஒவ்வொரு காளைக்கும் நேரம் குறித்தார். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துச் சென்னையில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். செத்த பாம்பை அடிக்கவா கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். குழுவில் ஒருவர், இவரிடம் என்ன விசேஷம் என்று ஞானமுத்துவைக் கேட்டார். "விளையாட்டு விழாவுக்கு இவ்வளவு ஜனம் வந்து நான் பார்த்ததில்லை. நடுவில் ஒருவர்கூட எழுந்து போகவும் இல்லை. அன்று இவருக்கு முன்னால் கயிற்றைத் தொட்டவருக்கு இங்கிலீஷ் வராது. ஆகவே இவரையே எடுத்துக்கொள்ளலாம்" என்றார். எடுத்துக்கொண்டார்கள்.

அவருக்குப் பின் நானே தலைவரானேன். மாலைகள், பாராட்டுக் கூட்டங்கள், செய்தித்தாளில் படம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் என் பிரதாபங்களை எடுத்துவிடுவேன். அந்தப் பதவிக்கு எத்தனை பேர் போட்டியிட்டார்கள், அத்தனை பேரையும் நான் எப்படிப் பின்னுக்குத் தள்ளினேன் என்று நான் ஆரம்பிக்கும்போது, காப்பியோடு வரும் என் மனைவி தம்ளரை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"அது சரி, முதல்ல வந்தது யாருங்க?"