கிப்லா பார்த்த கத்தி

ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். சொல்ல வேண்டிய ஒருவரிடம் இதைச் சொல்லாமல் விட்டதால்தான் அன்றைக்கு அத்தனை கூத்தும் நடந்தது, அதனால் உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஊசியைக் கையில் எடுத்தாலே சுவர்க் காலண்டரில் தேதி பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் இருபத்தைந்து வயதில், இடுப்பில் கத்தியோடு இரண்டு வருடம் கீழக்கரைத் தெருக்களில் நடமாடினேன். (இப்போதே சிரிக்காதீர்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.)

கத்தி என் லாத்தா மாப்பிள்ளை, அதாவது அக்காவின் கணவர், துபாயிலிருந்து வாங்கி வந்தது. மடக்குக் கத்தி. பிடிக்குள்ளேயே பாட்டில் ஓப்பனர், நகவெட்டி, ஸ்குரூ டிரைவர் எல்லாம் இருக்கும். பிடியின் முனையில் சின்னதாக ஒரு திசைகாட்டி வேறு. "பாதுகாப்புக்கு வச்சுக்க மச்சான்" என்றார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில். அவர்களுடைய வீடுகளைக் காலங்காலமாகக் காப்பவர்கள் பெண்கள். அவர்கள் கையில் மிஞ்சிப் போனால் ஒரு கரண்டி இருக்கும். ஊரில் மிச்சமிருந்த என்னைப் போன்ற வீரர்களுக்குத்தான் கத்தி தேவைப்பட்டது.

இரண்டு வருடத்தில் அது சந்தித்த எதிரிகள், நான் வேலை பார்த்த செல்போன் கடைக்கு வந்த அட்டைப்பெட்டிகளும் சில மாங்காய்களும்தான். டேப் பசையும் மாங்காய்ப் பாலும் உப்புக்காற்றும் சேர்ந்து, அதைத் திறப்பதே பெரும்பாடாகிவிட்டது. உம்மாவுக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

"ஏலே, அத இடுப்புல சொருவிக்கிட்டுத் திரியிறியே, இந்த வெங்காயத்தையாச்சும் நறுக்கிக் குடேன்."

"இது தற்காப்புக்கும்மா."

"வெங்காயத்துக்கே அழுவுற. ஒனக்கு என்னத்த தற்காப்பு?"

இந்த நேரத்தில்தான் ஜெமீலா வீட்டில் சம்பந்தம் பேசினார்கள். ஜெமீலாவை எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் கடைக்கு வந்து, ஒரு ஸ்கிரீன் கார்டு கோணலாக ஒட்டியிருக்கிறது என்று அரைமணி நேரம் சண்டை போட்டு ஜெயித்துவிட்டுப் போனவள். அன்றிலிருந்து எனக்கு வேறு பெண் கண்ணிலேயே படவில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அதனால் பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை பார்ப்பது வீட்டுக்கு ஆள் எடுப்பது மாதிரிதான். ஜெமீலாவின் வாப்பா கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தார்.

"நான் மறுபடி போயிருவேன் தம்பி. வீட்ல எல்லாம் பொம்பளைங்க. தைரியமான ஆளா வேணும்."

நான் சட்டையை லேசாகத் தூக்கிக் கத்தியைக் காட்டினேன். "நான் இருக்கேன்ல மாமா." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அஞ்சு வேளையும் பள்ளிவாசல்லதான் தொழுவேன்" என்று கேட்காமலே இன்னொன்றையும் சேர்த்துவிட்டேன்.

மனிதர் குளிர்ந்துபோனார். முடிவு சொல்வதற்கு முன்னால் ஒருநாள் என்னோடு பழகிப் பார்க்க நினைத்தாரோ என்னவோ, உத்தரகோசமங்கைப் பக்கம் ஒரு விருந்துக்குத் தன் காரில் அழைத்துப் போனார். அவர்தான் ஓட்டினார். சாயங்காலம் திரும்பும்போது வயலிலிருந்து ஒரு மந்தை ரோட்டில் ஏற, பிரேக் பிடிப்பதற்குள் ஒரு வெள்ளாடு இடிபட்டு விழுந்தது. விழுந்தது அசையவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

ஆட்டுக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். மாமாவின் தொப்பியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "பாய், சீக்கிரம் அறுத்து விடுங்க பாய்! உசுரு போயிட்டா கறிக்கடை பாய் தொடமாட்டாரு!" என்றார். நியாயம்தான். உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் ஹலால். செத்த ஆடு யாருக்கும் ஆகாது.

"எனக்குக் கையெல்லாம் நடுங்குது தம்பி," என்றார் மாமா. "நீங்க கத்திய எடுங்க."

அதற்குள் வயலில் நின்ற ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் கத்தியை உருவி வேகமாகத் திறந்தேன். பாட்டில் ஓப்பனர் வந்தது.

"ஏப்பா, ஆட்டுக்கு சோடாவா ஒடைச்சுக் குடுக்கப் போற?" என்றார் ஒருவர்.

எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதற்குள் ஆடு தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் தப்பித்தேன். (இவ்வளவு கேவலமாகவா நினைத்தாய் என்றால், ஆமாம்.) "மொதல்ல கிப்லா பாக்கணும் மாமா" என்றேன். தொழும் திசைப் பக்கம் ஆட்டைத் திருப்பிப் போட்டு அறுப்பதுதான் முறை. பிடியில் இருந்த திசைகாட்டியைக் காருக்குப் பக்கத்தில் நின்று பயபக்தியோடு பார்த்தேன். கார் இரும்புக்கு முள் சுற்றோ சுற்றென்று சுற்றியது. நானும் கூடவே சுற்றினேன்.

மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தம்பி, அஞ்சு வேளையும் தொழுவுற ஆளுக்கு மேக்க எதுன்னு தெரியாதா? அங்கன பாருங்க, பொழுது எறங்குது."

"கத்திய தீட்டணும் மாமா. தீட்டுறத ஆடு பாக்கக் கூடாது" என்று காருக்குப் பின்னால் ஓடினேன்.

"அது கண்ண மூடித்தானய்யா கெடக்கு!" என்று அலறினார் ஆட்டுக்கார அம்மா.

காருக்குப் பின்னால் ஒட்டிப்போன கத்தியை நகத்தால் நெம்பினேன். இரண்டு வருடமாக வராத வேகத்தோடு அது திறந்து, என் கட்டைவிரலில் இறங்கியது. பதற்றத்தில் வலிகூடத் தெரியவில்லை. ஓடிவந்து ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தில் கை வைத்து, "பிஸ்மில்லா" என்றேன். வெள்ளைக் கழுத்தில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அடடா, அறுத்தே விட்டோமே என்று ஒரு நொடி பெருமைகூடப் பட்டேன். பிறகுதான் அது யாருடைய ரத்தம் என்று புரிந்தது.

மிச்சத்தை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்படியே ஆட்டின் மேல் சாய்ந்தேனாம். என் கனம் தாங்காமல் அது "மே" என்று கத்தி எழுந்து, என்னை உதறிவிட்டு மந்தைக்கு ஓடிவிட்டதாம். அதிர்ச்சியில்தான் கிடந்திருக்கிறது, பாவம். முகத்தில் தண்ணீர் பட்டு நான் கண் விழித்தபோது ஆட்டுக்கார அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"ஆடு எந்திரிச்சிருச்சு பாய். இந்தத் தம்பியத்தான் எப்பிடி எந்திரிக்க வைக்கிறதுன்னு தெரியல."

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மூன்று தையல். மாமா வாசலில் நின்று, "வீட்டுக்குக் காவலுக்கு ஆளு தேடுனேன் தம்பி. இப்ப ஒங்களுக்குக் காவலுக்கு ஒரு ஆளு போடணும் போலயே" என்றார். விரலைவிட அதுதான் வலித்தது. ஜெமீலா போயே போய்விட்டாள் என்று அன்றிரவு தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

அவள் வீட்டில் நடந்தது வேறு. கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போன ஜெமீலா, தண்ணீர் குடித்துவிட்டு, "இவரையே பேசி முடிங்க வாப்பா. வீட்ட நான் பாத்துக்குறேன். பயந்த மனுசன்தான் சொன்ன பேச்சுக் கேப்பாரு" என்றாளாம். அவள் கணக்கு இன்றுவரை தப்பவில்லை.

போன வாரம் பாத்ரூம் குழாய் ஒழுகியது. "இதோ பாக்குறேன்" என்று சொல்லி, உட்கார்ந்த இடத்திலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஏழு வயது மகள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "வாப்பா, கிப்லா பாத்தாச்சா?" என்றாள்.

கத்தி இப்போது எங்கள் அடுக்களையில் இருக்கிறது. தினமும் காலையில் பால் பாக்கெட் வெட்டுகிறது. வெட்டுவது ஜெமீலா. நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன், மேற்கே பார்த்துக்கொண்டு.